கல்லிலிருந்து கண்ணாடிக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிச் சரிவில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்துக்கு உட்பட்ட விதுராவைத் தாண்டி, பொன்முடிக்கு ஏறும் சாலை தன் 22 கொண்டை ஊசி வளைவுகளைத் தொடங்கும் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூரின் பெயர் கல்லாறு. ஊருக்கும் அதன் நடுவே உருளைப் பாறைகளை நனைத்து ஓடும் ஆற்றுக்கும் பெயர் ஒன்றே. செம்முஞ்சி மொட்டைப் பகுதியில் பிறக்கும் நீரோடு சேர்ந்து வாமனபுரம் ஆறு என்று பெயர் மாறி, ஆற்றிங்கல் வழியாக இறங்கி, அஞ்சுதெங்குக்கு அருகே கடலோரக் காயலில் அது கலக்கிறது. இதே மலைத்தொடரில் சற்றுத் தெற்கே, 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் சரிவுகளிலிருந்து கரமனை ஆறும் நெய்யாறும் புறப்படுகின்றன. தமிழ் மரபு பொதிகை என்று போற்றி, இலக்கண முனிவரும் சித்த மருத்துவத்தின் ஆதி ஆசானுமாகிய அகத்தியரைக் குடியிருத்திய மலை இது. தென்திருவிதாங்கூரின் ஆன்ம விசார வரலாற்றை எழுதப் புகுவோர் வழக்கமாக மடங்களிலிருந்தும் அரண்மனையிலிருந்தும் தொடங்குவர். அந்த வரலாற்றின் மையப் பொருளாகிய கல் ஓர் ஆற்றின் அடியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால், இங்கு ஆறுகளிலிருந்து தொடங்குவதே பொருந்தும்.

ஆன்ம விசாரம் என்பது 'நான் யார்' என்னும் கேள்வியை உடல், மனம், பெயர், குலம் ஆகிய ஒவ்வொன்றையும் விலக்கி விலக்கிக் கடைசிவரை கேட்பது. அதன் முடிவில் கிடைக்கும் விடுதலையை வடமொழி மரபு மோட்சம் என்றும், தமிழ் மரபு வீடு என்றும் அழைத்தன. இக்கேள்வியைக் கேட்கத் தகுதியுடையவரை வேதாந்த நூல்கள் 'அதிகாரி' என்று குறிப்பிட்டு, அவருக்கு நான்கு தகுதிகளை வகுத்தன: நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறிதல், இம்மை மறுமைப் பயன்களில் பற்றின்மை, மன அடக்கம் முதலான ஆறு நற்குணங்கள், விடுதலையில் தீராத வேட்கை. இந்நான்கில் பிறப்பு இல்லை. ஆயினும் பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு பகுதிக்குச் சங்கரர் எழுதிய உரை, சூத்திரருக்கு வேதம் ஓதும் உரிமையை மறுத்துவிட்டு, இதிகாச புராணங்களின் வாயிலாக அவர்கள் அறிவு பெறலாம் என்று பக்கவழி ஒன்றை மட்டும் திறந்து வைத்தது. இருப்பது ஒரே ஆன்மா என்று நிறுவிய அதே தத்துவம், அதை அறியும் வாசலில் பிறப்பைக் காவல் நிறுத்தியது. சாதிக்கேற்ப விலகி நிற்க வேண்டிய தூரம் காலடிக் கணக்கில் அளக்கப்பட்ட திருவிதாங்கூரில் இந்த முரண் ஏட்டுச் சுவடியோடு நிற்கவில்லை. கோவிலைச் சுற்றிய தெருவில் யார் நடக்கலாம் என்பதையும் அதுவே முடிவு செய்தது.

19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் எழுந்த மறுமொழி பிற இடங்களில் எழுந்த சீர்திருத்தங்களிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. வங்கத்திலும் மும்பையிலும் சீர்திருத்தம் பேசியோர் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வியின் வழி வந்தவர்கள். தென்திருவிதாங்கூரில் அது தமிழ்ச் சுவடிகளின் வழி வந்தது. நன்னிலம் தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் குருவும் சீடனும் உரையாடும் அமைப்பில், தத்துவ விளக்கப் படலம், சந்தேகந் தெளிதற் படலம் என்ற இரு பகுதிகளில் அத்வைதம் முழுவதையும் தமிழ்ச் செய்யுளாக்கித் தந்திருந்தது. சீர்காழிக் கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கம், 'நான் செய்கிறேன்' என்னும் முனைப்பு ஒழிந்த இடத்திலேயே உயிர் இறையில் ஒடுங்குகிறது என்று சைவ மரபின் மொழியில் விளக்கியது. 1851இல் இந்நூலை அச்சிற் கொண்டுவந்தவர் பின்னாளில் வடலூர் வள்ளலார் என்று அறியப்பட்ட இராமலிங்கர். திருமந்திரமும் தாயுமானவர் பாடல்களும் இவற்றோடு புழங்கின. இந்நூல்களைப் படிக்கப் பூணூல் தேவைப்படவில்லை, தமிழ் எழுத்து தெரிந்தால் போதும். சித்தாந்த சைவத்தில் உயிர் என்றும் இறையினின்று வேறான பொருள், அத்வைதத்தில் இரண்டும் ஒன்றே என்ற வேறுபாட்டுக்காக மடங்களில் கண்டன நூல்கள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலும், நாஞ்சில் நாட்டுத் திண்ணைகளில் இரு வகைச் சுவடிகளும் ஒரே பரணில் கிடந்தன. மேலோட்டமான கலப்பு என்று பண்டிதர்கள் இதைக் குறை சொல்லக்கூடும், ஆனால் இங்கே பின்னர் விளைந்தவற்றுக்கெல்லாம் அந்தப் பரணே நாற்றங்கால்.

இவ்வரலாற்றில் காலத்தால் முந்தியவர் அத்வைதி அல்லர். கன்னியாகுமரிக்கு அருகே 1809இல் பிறந்து 1851இல் மறைந்த அய்யா வைகுண்டர் திருமாலின் அவதாரமாகத் தம் மக்களால் வணங்கப்பட்டவர். அவருடைய சமயத்தின் நூலான அகிலத்திரட்டு அம்மானை தமிழில் அமைந்தது, 1841இல் எழுதப்பட்டது. திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறைப்பிடித்துத் திருவனந்தபுரத்தின் சிங்காரத்தோப்பில் அடைத்து வைத்தது. சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் இறங்கிக் குளிக்கத்தக்க முந்திரிக் கிணறும், நாள்தோறும் பலமுறை நீராடி, உடையைத் தோய்த்து உடுத்தி, புலால் நீக்கி வாழும் 'துவையல் தவசு' என்னும் கூட்டு நோன்பும் அவர் வழியில் உருவாயின. அழுக்கு பிறப்பில் ஒட்டியது என்று சொன்ன சமூகத்துக்கு, அழுக்கு துணியில் இருக்கிறது, துவைத்தால் போகும் என்று சொன்ன இந்த நோன்பை வெறும் சுகாதாரமாகப் படிப்பது அதைக் குறைத்துப் படிப்பதாகும். அவர் வழியினரின் பதிகள், நிழல்தாங்கல்கள் என்னும் வழிபாட்டுத் தலங்களில் சிலை இருப்பதில்லை, கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி அதன்முன் நிற்கும் ஆண், மேல்சாதியார் எதிரில் தலைத்துண்டை இறக்கி இடுக்கிக்கொள்ளுமாறு முன்னோர் பணிக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன், தன் முகத்தையே முடிசூடிய கோலத்தில் காண்கிறான்.

தலைநகரில் இதே வேலையைச் செய்தவர் அரசால் சிறையிடப்படவில்லை. அரசின் மேலிருந்த அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தார். செங்கற்பட்டுப் பகுதியின் நகலாபுரத்தில் 1814இல் சுப்பராயராகப் பிறந்து, இளமையில் சித்தர்களோடு மலேயா வரை சென்று யோகம் பயின்றவர் என்று சீடர் மரபு கூறும் தைக்காடு அய்யா, 1873 முதல் தைக்காட்டிலிருந்த ஆங்கிலேய ரெசிடெண்டின் மாளிகையில் மேலாளராக இருந்ததால் 'சூப்பிரண்டு அய்யா' என்று ஊரில் அழைக்கப்பட்டார். ரெசிடெண்ட் என்பவர் சமஸ்தானத்தைக் கண்காணிக்க ஆங்கிலேயர் அமர்த்திய பிரதிநிதி. அவருடைய நிழலில் இருந்தவரைச் சாதிக் கட்டுப்பாட்டின் பெயரால் தொடுவது உள்ளூர் வைதிகருக்கு எளிதாக இருக்கவில்லை. குடும்பஸ்தராகவே வாழ்ந்து, காவி உடுக்காமல், காலையில் கணக்கும் மாலையில் சிவராஜ யோகமும் பார்த்த அவர் வீட்டில், பிராமணரும் புலையரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டதாக மரபு நினைவுகூர்கிறது. தம்மைப் 'பாண்டிப் பறையன்' என்று வைதிகர் ஏசியதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1909இல் மறையும்வரை தமிழில் பாடல்களும் காப்பியங்களும் எழுதிய அவர் பெயர் தமிழ் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறாதது இவ்வரலாறுகள் அரசியல் வரைபடத்தை எவ்வளவு நம்பி எழுதப்படுகின்றன என்பதைக் காட்டும்.

அய்யாவின் வட்டத்தில் இருந்தவர்களுள் தமிழ் வாசகர் நன்கறிந்தவர் மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை. ஆலப்புழையில் 1855இல் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த அவர், கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளிடம் வேதாந்தம் கேட்டவர். 1891இல் வெளிவந்த தம் நாடகத்தில் வரும் சுந்தர முனிவர் என்னும் பாத்திரத்தை அந்த ஆசானை மனத்தில் கொண்டே படைத்தார். திருவனந்தபுரத்தில் 1885இல் சைவப் பிரகாச சபை தோன்றியதில் அவருக்கும் அய்யாவுக்கும் பங்கு உண்டு. பகலில் ஆங்கிலத்தில் மேனாட்டுத் தத்துவம் நடத்திய பேராசிரியரும், ரெசிடெண்டின் மாளிகைக் கணக்கைப் பார்த்த யோகியும் மாலையில் ஒரே கூட்டத்தில் அமர்ந்து திருமந்திரம் பேசிய நகரமாக அன்றைய திருவனந்தபுரம் இருந்தது.

பேட்டையில் இராமன் பிள்ளை ஆசான் நடத்திய 'ஞானப்பிரஜாகரம்' இதைவிடத் திறந்த அவை. அங்கே அய்யாவும் தமிழாசிரியர் சுவாமிநாத தேசிகரும் உரையாற்ற, கேட்க வந்தவர்களுள் ஒருவர் கண்ணம்மூலையில் 1853இல் ஏழை நாயர் வீட்டில் பிறந்த குஞ்ஞன் பிள்ளை. ஆசானின் பள்ளியில் மற்ற மாணவரை மேற்பார்க்கும் சட்டாம்பிள்ளையாக இருந்ததால் 'சட்டம்பி' என்னும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டு, துறவுக்குப் பின்னும் சட்டம்பி சுவாமிகள் என்றே நிலைத்தது. இளமையில் அரசுச் செயலகக் கட்டடம் எழும்பியபோது செங்கல்லும் மண்ணும் சுமந்து கூலி பெற்றவர் அவர். தேசிகரிடம் தமிழ் கற்று, பின் கல்லிடைக்குறிச்சியில் சுப்பா ஜடாபாடிகள் என்னும் பிராமண அறிஞரின் வீட்டில் தங்கி வடமொழிச் சாத்திரங்களையும் வேதாந்தத்தையும் முறையாகப் பயின்றார். நாயரும் சூத்திரர் என்றே வகுக்கப்பட்டிருந்த நாட்டில், வேதத்தை அந்த வேதியரே அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில் இவ்வரலாற்றின் ஒரு பாதி அடங்கியிருக்கிறது. மறுபாதி அவர் எழுதிய 'வேதாதிகார நிரூபணம்'. அதிகாரி யார் என்ற பழைய கேள்வியை எடுத்துக்கொண்டு, வேதங்களில் வரும் முனிவர்கள், பெண்கள் ஆகியோரின் எடுத்துக்காட்டுகளாலும், சொற்பொருள் ஆய்வாலும், வேதம் கற்க எல்லாருக்கும் உரிமை உண்டு என்று அந்நூல் வைதிகரின் கருவிகளைக் கொண்டே வாதிடுகிறது. அவருடைய 'ஜீவகாருண்ய நிரூபணம்' புலால் மறுப்பையும் உயிரிரக்கத்தையும் பேசுகிறது. அதை வடலூர் இராமலிங்கரின் ஜீவகாருண்யக் கொள்கையோடு அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் தமிழ் வாசகர், மலைக்கு இருபுறமும் ஒரே காற்று வீசியதை உணர்வர்.

சட்டம்பி சுவாமிகளின் நண்பராகவும் சகபயணியாகவும் தொடங்கி, அவரைவிட நெடுந்தூரம் சென்றவர் நாராயண குரு. திருவனந்தபுரத்துக்கு வடக்கே செம்பழந்தியில் 1856இல் ஈழவர் குடும்பத்தில், மாடன் ஆசானுக்கும் குட்டியம்மைக்கும் மகனாகப் பிறந்த அவர், காயங்குளத்துக்கு அருகே கும்மம்பள்ளி இராமன் பிள்ளை ஆசானிடம் வடமொழி கற்றுத் திரும்பி, கல்லாற்று நீர் காயலில் சேரும் அஞ்சுதெங்கு வட்டாரத்தில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து 'நாணு ஆசான்' என்று பெயர் பெற்றார். அணியூர்க் கோவிலில் சட்டம்பி சுவாமிகளைச் சந்தித்து, அவர் வழியாகத் தைக்காடு அய்யாவிடம் யோகம் பயின்று, நாகர்கோவிலுக்குத் தெற்கே உள்ள மருத்துவாழ் மலையின் பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தார். தமிழில் அவர் தேவாரப் பதிகங்கள் இயற்றினார். திருக்குறளின் சில அதிகாரங்களையும் ஒழிவிலொடுக்கத்தின் ஒரு பகுதியையும் மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். கேரளத்தின் மறுமலர்ச்சி நாயகராக மட்டும் அவரை அறிந்த வாசகருக்கு, இளமையில் அவர் கையிலிருந்த நூல்களுள் பெரும்பகுதி தமிழ் என்பது வியப்பளிக்கக்கூடும்.

நெய்யாறு பாறைகளுக்கிடையே அருவியாக விழும் அருவிப்புறத்தில், 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில், ஆற்றின் ஆழ்ந்த குழியொன்றில் மூழ்கி எழுந்த அவர் கையில் இருந்தது ஒரு கல். அதை லிங்கமாகக் கரையில் நிறுவினார். இந்நிகழ்ச்சி பற்றிய கூற்றுகளில் பெரும்பாலும் இடம்பெறுவது, பிராமணரல்லாதார் சிவனைப் பிரதிஷ்டை செய்யலாமா என்ற கேள்விக்கு, தாம் நிறுவியது ஈழவச் சிவனைத்தான் என்று அவர் சொன்னதாக வழங்கும் விடை. அந்தச் சிலேடையின் இனிமை நிகழ்ச்சியின் ஆழத்தை மறைத்துவிட்டது எனலாம். பிரதிஷ்டை என்பது கல்லில் தெய்வத்தை எழுந்தருளச் செய்யும் சடங்கு. ஆகமங்கள் அதற்கு உரிய கல்லின் நிறம், ஓசை, அது ஆண் கல்லா பெண் கல்லா என்பதையெல்லாம் சிற்பி ஆராய வேண்டும் என்றும், உரிய நாளில் உரிய குலத்துத் தந்திரி மந்திரம் சொல்ல வேண்டும் என்றும் விதித்தன. நீர் உருட்டி வழவழப்பாக்கிய, உளியே படாத கல்லை எடுத்துவைத்த செயல் இவ்விதிகள் அனைத்தையும் எதிர்த்து வாதிடவில்லை. அவை தேவையில்லாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது. பின்னர் அங்கே எழுதி வைக்கப்பட்ட வாசகம் சிவனின் புகழைப் பாடவில்லை. சாதி வேற்றுமையும் சமயப் பகைமையும் இன்றி எல்லாரும் உடன்பிறப்பாக வாழும் முன்மாதிரி இடம் இது என்பதே அதன் பொருள். கருவறைக்கு முன் தல புராணம் எழுதும் இடத்தில் அறக்கொள்கை ஒன்றை எழுதியது அதுவரை அறியப்படாத வழக்கம்.

அதே அருவிப்புறத்தில் 1897இல் இயற்றப்பட்ட 'ஆத்மோபதேச சதகம்', நூறு மலையாளச் செய்யுள்களில், கல்லை நிறுவியவர் எதை நினைத்து நிறுவினார் என்பதைக் காட்டுகிறது. ஆன்மாவுக்கு வடமொழி நூல்கள் சித், ஞானம், பிரக்ஞை என்ற சொற்களை வழங்க, இந்நூல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான 'அறிவு' என்ற சொல்லைத் தேர்ந்துகொள்கிறது. கல்வியால் சேர்க்கும் தகவல் இங்கே பொருளல்ல. அறிபவன், அறிதல், அறியப்படுவது என மூன்றாகத் தோன்றும் ஒரே ஒளியையே அச்சொல் சுட்டுகிறது. இந்த அறிவுக்கு இரு ஆற்றல்கள் உண்டு என்று நூலின் நடுப்பகுதி வகுக்கிறது: வேறுபாடுகளைப் பெருக்கிக் காட்டுவது 'அன்யம்', அதாவது பிறிது, வேறுபாடுகளுக்கு அடியிலுள்ள ஒன்றைக் காட்டுவது 'சமம்'. இவன் வேறு, அவன் வேறு என்ற உணர்வு அறியாமையின் பாவமாக அன்றி அறிவின் ஓர் இயல்பான இயக்கமாகவே விளக்கப்படுவதால், அதை வெல்லும் வழியும் தண்டனையில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. தனக்கு நன்மை தேடிச் செய்யும் காரியம் அயலானின் நன்மையோடு மோதக் கூடாது என்ற அறம் இந்நூலில் மேலிருந்து இறங்கும் கட்டளையாக வருவதில்லை. இருவருள்ளும் இருப்பது ஓர் அறிவே என்பது ஒப்புக்கொள்ளப்பட்டால், கணக்கின் விடைபோல அது தானே வந்து நிற்கிறது. அத்வைதத்துக்கும் அன்றாட ஒழுக்கத்துக்கும் இடையே பாலம் இல்லை என்று மேனாட்டாரும் நம்மவரும் எழுதிய கண்டனங்களுக்கு, தத்துவ அளவில் கிடைத்த தெளிவான மறுமொழிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

1916இல் நாராயண குரு திருவண்ணாமலை சென்று ரமணரைக் கண்டார். பேச்சு மிகக் குறைவாகவே நிகழ்ந்த அச்சந்திப்பின் நினைவாக அவர் 'நிர்விருதி பஞ்சகம்' என்னும் ஐந்து வடமொழிச் செய்யுள்களை எழுதினார். பெயர், ஊர், சாதி, தொழில், வயது என்ற விசாரணைகளெல்லாம் ஓய்ந்தவருக்கே உள்ளமைதி உரியது என்பது அதன் சாரம். அமைதியின் இலக்கணத்தைச் சொல்லும் இடத்திலும் 'நீ என்ன சாதி' என்ற கேள்வி ஓய வேண்டியவற்றின் பட்டியலில் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. ஒருவர் குகையிலிருந்து இறங்காமலே ஊரை மாற்றினார், மற்றவர் இறங்கி ஊர் ஊராக நடந்தார் என்று இருவரையும் எதிரெதிர் நிறுத்திப் பேசுவது எளிது. ஆனால் மருத்துவாழ் மலைக் குகையில் இருந்த காலத்தை நீக்கிவிட்டால், 1888இல் ஆற்றில் இறங்கிய மனிதர் யாரென்று விளங்காமல் போகும்.

அருவிப்புறத்துக் கோவிலை நடத்த அமைந்த சிறு குழு 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர, அதன் முதற் செயலாளரானார் குமாரன் ஆசான். வாமனபுரம் ஆறு காயலைத் தொடும் பகுதிக்கு அருகே, காயிக்கரையில் 1873இல் பிறந்த கவிஞர் அவர். கோவில்கள் பெருகின. பெருகப் பெருக, கோவிலைவிடப் பள்ளிக்கூடமே தேவை என்ற கருத்தைக் குரு அழுத்திச் சொல்லத் தொடங்கினார். வர்க்கலை சிவகிரியில் 1912இல் நிறுவிய சாரதை கோவிலில் நைவேத்தியமோ அபிடேகமோ இல்லை. காற்றும் வெளிச்சமும் வரச் சன்னல்கள் உண்டு. கள் இறக்குவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட தம் சமூகத்திடம், அதைச் செய்யவும் கொடுக்கவும் குடிக்கவும் வேண்டாம் என்று சொன்னபோது, ஆன்மிக அறம் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானத்தோடு மோதியது. இன்றுவரை அந்த மோதல் முழுமையாகத் தீரவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன், 1928இல், கோட்டயம் நாகம்படத்தில் சிவகிரி யாத்திரைக்கு இசைவளித்து அவர் வகுத்த எட்டு நோக்கங்கள் கல்வி, தூய்மை, இறைபக்தி, அமைப்பு, வேளாண்மை, வணிகம், கைத்தொழில், தொழிற்பயிற்சி என்பன. வீடுபேற்றை நாடும் யாத்திரையில் வணிகத்தையும் கைத்தொழிலையும் சேர்த்தவரைப் பற்றி, சமயத்தைச் சமூக சேவையாகச் சுருக்கிவிட்டார் என்று அன்றே சிலர் முணுமுணுத்தனர். பசித்தவனும் கடனாளியும் அதிகாரி ஆக முடியாது, பிறப்பை நீக்கிய இடத்தில் அவனைத் தடுக்கும் அடுத்த சுவர் வறுமை என்ற கணிப்பு அந்த எட்டுக்குள் இருக்கிறது.

இதே ஆண்டுகளில் கருவறைக்குள் நிகழ்ந்த மாற்றம், வெளியே நிகழ்ந்தவற்றைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது. அருவிப்புறத்தில் கல்லில் தொடங்கிய பிரதிஷ்டை, திருச்சூர்ப் பகுதியின் காரமுக்கில் விளக்காயிற்று. கடினங்குளம் காயலின் கரையிலுள்ள முருக்கும்புழையில் அது சொற்களாயிற்று: சத்தியம், தர்மம், தயை, சாந்தி என்ற நான்கும் ஓங்காரத்தோடு ஒளிவட்டத்தில் பொறிக்கப்பட்டு, தெய்வம் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கப்பட்டன. 1927இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோடத்தில் சிலை வேண்டும் என்போரும் சிலையே கூடாது என்று வாதிட்ட இளைஞரும் மோதிக்கொண்ட நிலையில், குரு ஒரு கண்ணாடியைக் கொண்டுவரச் செய்து அதையே கருவறையில் நிறுவினார். இரு தரப்பையும் சமாதானப்படுத்திய சாமர்த்தியம் என்று இதைச் சொல்வோர் உண்டு. ஆன்ம விசாரத்தின் நெடுங்காலக் கேள்வி அங்கே பொருளாக வந்து அமர்ந்தது என்பதும் உண்மை. கும்பிட வருபவர் காண்பது கும்பிடுபவரையே. அவர் பக்கத்தில் நிற்கும் வேற்றுச் சாதியாரும் அதே கண்ணாடியில் தெரிகிறார்.

சாமித்தோப்பின் கண்ணாடியையும் களவங்கோடத்தின் கண்ணாடியையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்று மற்றொன்றின் நகல் என்று முடிவு கட்டுவது அவசரம். இடையில் 1872இல் வடலூரில் திறக்கப்பட்ட சத்திய ஞான சபையில், ஏழு திரைகளுக்குப் பின்னே ஒளியும் கண்ணாடியும் வைக்கப்பட்டிருந்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும். மூன்றும் மூன்று பொருள் உடையவை. வடலூரில் திரைகள் அறியாமையின் நிறங்கள். விலகினால் தெரிவது அருட்பெருஞ்சோதி. சாமித்தோப்பில் இழிவுபடுத்தப்பட்டவனின் முகமே தெய்வத்தின் இருப்பிடம். களவங்கோடத்தில் முகம் ஒரு தொடக்கம் மட்டுமே. அதைக் காணும் அறிவு யாருடையது என்ற கேள்வி அதன் பின் வருகிறது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்குள், தமிழும் மலையாளமும் கலந்து பேசப்பட்ட நிலத்திலும் அதன் அண்டையிலும், மூன்று இடங்களில் கண்ணாடி கருவறைக்குள் நுழைந்தது. உள்ளே நுழைய விடாமல் தடுக்கப்பட்ட மக்களுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டிய கடமை அவ்வறிஞர்களுக்கு இருந்ததே அதன் பொதுக் காரணமாகத் தோன்றுகிறது. திருவிதாங்கூரின் அரசுக் கோவில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936 நவம்பர் 12 அன்று. குரு மறைந்து அப்போது எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்வரலாற்றின் ஒளி ஆற்றின் கீழ்ப்பகுதிகளிலேயே விழுந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். கல்லாற்றின் மேல்காடுகளிலும் அகத்தியர்கூடத்தின் அடிவாரங்களிலும் வாழும் காணிக்காரர், மூட்டுக்காணி என்னும் தலைவரின் கீழ் அமைந்த குடியிருப்புகளில், கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி இசைத்துச் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் தீர்ப்பவர்கள். அகத்தியரைத் தம் மலையின் முனிவராகக் கொண்டாடுபவர்கள். ஆன்ம விசாரம் பேசிய நூல்களில் அவர்கள் பெயர் அருகியே காணப்படுகிறது. அத்வைதம் சமவெளியின் சாதிப் படிநிலையோடு பொருதிய தத்துவம். அப்படிநிலைக்கு வெளியே காட்டில் இருந்தவர்களைப் பற்றி அதற்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை போலும். கல்லாற்றுக் காட்டில் வாழும் நஞ்சு முறிவு மருத்துவர் லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்ட பின்னரே, அந்த மலையில் நூலேறாத அறிவு ஒன்று இருப்பதைச் சமவெளி செய்தித்தாள்களில் படித்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, இந்த ஒற்றை வரலாறு இரண்டு மாநிலங்களின் பாடநூல்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வைகுண்டர் தமிழ்நாட்டுக்கும், நாராயண குரு கேரளத்துக்கும் போயினர். தைக்காடு அய்யா எந்தப் பக்கமும் சரியாகப் பொருந்தாமல் தலைநகரின் ஒரு தெருவில் நின்றுவிட்டார். குருவின் சீடர் நடராஜ குரு நிறுவிய நாராயண குருகுலமும், அதன் வழிவந்த நித்திய சைதன்ய யதி ஊட்டி பெர்ன்ஹில்லில் இருந்து நடத்திய உரையாடல்களும் பிற்காலத்தில் தமிழ் எழுத்தாளர் சிலரை மீண்டும் இந்நூல்களிடம் அழைத்து வந்தன. மருத்துவாழ் மலையில் பிள்ளைத்தடம் குகையைக் காணக் கேரளத்திலிருந்து வருவோர் இன்றும் உண்டு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தலைப்பாகை கட்டிய கூட்டம் சாமித்தோப்பின் கண்ணாடி முன் நின்று திரும்புகிறது. மலையிலிருந்து இறங்கும் வண்டிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்பாமல் நேராகக் கன்னியாகுமரிக்குப் போய்விடுகின்றன.